ஒரு தலை, ஐந்து டேக்

பத்து நிமிஷ வீடியோவில் தலை எங்கே இருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. வெள்ளையாக ஏதோ புகைந்துகொண்டிருந்தது. புகைக்கு நடுவே கத்தரிக்கோல் மாதிரி ஒன்று அவ்வப்போது மின்னி மறைந்தது.

சலூன்காரர் ஃபோனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார், தூரத்தில் வைத்துப் பார்த்தார், தலைகீழாகவும் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் புகைதான்.

அவருக்கு அந்தத் தெருவில் 'நிமிஷம்' என்று பெயர். பெஞ்சில் காத்திருப்பவர்கள் எப்போது கேட்டாலும் "ஒரு நிமிஷம்" என்பார். அது முக்கால் மணி நேரமாகும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் எழுந்து போனவர்கள் குறைவு. அவர் கை அப்படி. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கை செய்த வித்தையை முழுசாகப் பார்த்தது எதிரே மாட்டியிருந்த கண்ணாடி ஒன்றுதான். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பக்கத்துத் தெருவில் ஏசி போட்ட புது சலூன் ஒன்று வந்தது. பெஞ்ச் காலியாகத் தொடங்கியது. அந்த நேரத்தில்தான் கத்தரிக்கோல், முடிவெட்டும் மெஷின் தயாரிக்கிற கம்பெனி ஒன்று போட்டி அறிவித்தது. முடிவெட்டுவதை ஒரே மூச்சில், இடையில் நிறுத்தாமல், பத்து நிமிஷத்துக்குக் குறையாத வீடியோவாக எடுத்து அனுப்ப வேண்டும். என்ன வெட்டு என்பது அவரவர் இஷ்டம். ஆனால் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்குப் படம் தெளிவாக இருக்க வேண்டும். தேர்வாகிற பத்துப் பேர் பெரிய மேடையில், ஆயிரம் பேர் முன்னால் வெட்டிக் காட்டலாம்.

ஆயிரம் பேர் என்ற இடத்தைப் படித்ததிலிருந்து நிமிஷத்துக்குத் தூக்கமில்லை. ஒரு மாதம் ஒத்திகை பார்த்தார். அனுப்புவதற்குக் கடைசி நாள் இன்று, கடைசி நேரம் சாயங்காலம் ஐந்து மணி. ஒத்திகையில் மூழ்கியவர் வீடியோ எதில் எடுப்பது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

வீட்டில் இருந்தது ஏழு வயசான ஒரு ஸ்மார்ட்ஃபோன். மனைவியின் தம்பி புதுசு வாங்கியபோது அக்காவுக்குத் தள்ளிவிட்டது. கடைக்கென்று இருந்தது பட்டன் ஃபோன். அதில் பேச மட்டும்தான் முடியும்.

தலைக்கு ஏற்பாடு செய்ததும் அதே மைத்துனர்தான். ஃபோன் கடையில் வேலை. காலையில் கூப்பிட்டு, "ஒரு ஆளை அனுப்பறேன் மாமா. முடின்னா முடி, அப்படி ஒரு முடி. நீங்க என்ன வேணாலும் பண்ணிக்கலாம்னு சொல்லிட்டாரு" என்று சொல்லியிருந்தார்.

அதேபோல ஒன்றரை மணிக்கு ஒரு ஆள் வந்தார். நெற்றியில் அலை அலையாகப் புரளும் முடி. சீப்பை வைத்தால் சிக்கிக்கொண்டு திரும்பி வராது போலிருந்தது. நிமிஷத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காத்திருக்கிறேன் என்று கையைப் பிடித்து அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார்த்தி, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்வதற்குள் கழுத்தைச் சுற்றித் துணியையும் கட்டிவிட்டார். வீடியோவில் குரல் விழுந்துவிடும், அதனால் வாயே திறக்கக் கூடாது, மூச்சைக்கூடக் கொஞ்சம் மெதுவாக விட்டால் நல்லது என்று கேட்டுக்கொண்டார்.

"ரொம்ப நேரம் ஆகுமா?" என்று மட்டும் கேட்டார் வந்தவர்.

"ஒரு நிமிஷம்" என்றார் நிமிஷம்.

அப்படி எடுத்த முதல் வீடியோதான் இந்தப் புகை.

பட்டன் ஃபோனில் மைத்துனரைக் கூப்பிட்டார். லென்ஸைத் துடைத்தீர்களா என்று மைத்துனர் கேட்டார். நிமிஷம் ஃபோனைத் திருப்பிப் பார்த்தார். ஏழு வருஷத்து எண்ணெய்க் கை, பவுடர் கை எல்லாம் அந்தக் குட்டி வட்டத்தின் மேல் படிந்து கிடந்தன. தோளில் கிடந்த துண்டால் அழுத்தித் துடைத்தார். துண்டில் ஷேவிங் க்ரீம் இருந்தது. புகை போய்ப் பால் வந்தது.

நாற்காலியில் இருந்தவர் பேசாமல் தன் மூக்குக்கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியை எடுத்து நீட்டினார். அதில் துடைத்ததும் லென்ஸ் பளிச்சென்று ஆனது. என்ன பண்பான மனுஷன் என்று நிமிஷம் நெகிழ்ந்துபோனார்.

வீடியோ எந்த அளவில் வைத்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னார் மைத்துனர். செட்டிங்ஸைத் திறந்தால் இருக்கிறதிலேயே கடைசிப் படியில் கிடந்தது. அதை உச்சத்துக்கு ஏற்றினார். ஜூம் செய்யாதீர்கள், ஃபோனைத்தான் கிட்டே கொண்டுபோக வேண்டும், பழைய ஃபோனில் ஜூம் செய்தால் படம் புள்ளி புள்ளியாகப் பொரிந்துபோகும் என்றும் மைத்துனர் எச்சரித்தார். சீப்பு ஜாடியில் ஃபோனை நிற்கவைத்து, ஆடாமல் இருக்க மூன்று ரப்பர் பேண்டுகளைப் போட்டு இறுக்கினார்.

ஒரு சிக்கல் இருந்தது. முதல் டேக்கில் பக்கவாட்டு முடியை வெட்டியாயிற்று. வெட்டியதை மறுபடி ஒட்டி வெட்டிக் காட்ட முடியாது. ஒத்திகை பார்த்த நீள வெட்டை மனசுக்குள்ளேயே வழியனுப்பிவிட்டு, அதைவிட இரண்டு விரற்கடை குறைவான வெட்டுக்கு மாறினார். பரவாயில்லை, இதுவும் அழகுதான்.

இரண்டாம் டேக்கில் கை பறந்தது. நெற்றி முடியை எடுத்து, நீவி, சாய்த்து ஒரு வெட்டு. பிடரியில் சீப்பின் மேலேயே கத்தரிக்கோல் ஓட்டம். பத்து நிமிஷம் முடிந்து பெருமையோடு ஃபோனை எடுத்தார். நாலாவது நிமிஷத்திலேயே அது நின்றுபோயிருந்தது. இடம் போதவில்லை என்று திரையில் எழுதியிருந்தது.

"எங்கடா இடம் போதல? இவ்வளவு பெரிய கடை" என்று வாய்க்குள் முணுமுணுத்தவருக்கு, அது ஃபோனுக்குள் இருக்கும் இடம் என்று புரியச் சில விநாடிகள் பிடித்தன. உள்ளே போய்ப் பார்த்தார். ஜாக்கெட் கழுத்துகள். நூற்றுக்கணக்கில் ஜாக்கெட் கழுத்துகள், கைகள், முதுகுகள். மனைவி மாடியில் தையல் வேலை செய்கிறவர். ஃபோன் அவர் கையில் இருந்த காலத்தில் எதற்கோ எடுத்து வைத்தது போலிருக்கிறது என்று நினைத்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் அழித்தார். மலை இறங்கின மாதிரி இடம் கிடைத்தது.

ஐந்து நிமிஷத்தில் மாடிப்படி அதிர்ந்தது.

"என் டிசைன் போட்டோவெல்லாம் எங்க?"

வாடிக்கைக்காரப் பெண்ணொருத்தி மேலே உட்கார்ந்திருக்கிறாள், போன வாரம் பார்த்த கழுத்தைத் திரும்பக் காட்டச் சொல்கிறாள், காட்டுவதற்காக ஃபோனை வாங்க வந்தேன் என்றார் மனைவி. நிமிஷம் நடந்ததைச் சொன்னார். மனைவி ஃபோனை வாங்கி உள்ளே தேடினார். இருந்தது அந்த நாலு நிமிஷ வீடியோ ஒன்றுதான். அதைத் தட்டிவிட்டார்.

பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது. கடை நேரத்தில் அவர் கீழே வந்ததே இல்லை. மேலே தையல் மிஷினுக்கு ஓய்வு கிடைக்கும்போது கீழே கடையைப் பெருக்கி மூடியிருப்பார் கணவர். கணவரின் விரல்கள் ஒரு தலைமேல் ஓடுவதை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார்.

"உங்க கை இப்படியா ஓடும்?" என்றார்.

நிமிஷத்துக்கு வெட்கமாகிவிட்டது. மனைவி மேலே போய் அந்தப் பெண்ணிடம் நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்போடு இறங்கி வந்தார். இனிமேல் ஃபோன் என் பொறுப்பு, உங்களுக்குக் கத்தரிக்கோல் போதும் என்று அறிவித்தார். மணி இரண்டே முக்கால்.

வீடியோவில் இருந்த மற்ற குறைகளையும் அவர்தான் கண்டுபிடித்தார். டியூப் லைட் வெளிச்சம் படம் முழுக்கப் பட்டை பட்டையாக ஓடியது. கண்ணாடியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் தலையையே கருப்பாக்கியது. லைட்டை அணைத்தார். பெரிய கண்ணாடியைத் திரையால் மூடினார். நாற்காலியை வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நகர்த்தினார்கள். மறுபக்கம் நிழல் விழாமல் இருக்கப் படுக்கை விரிப்பை இரண்டு ஆணியில் மாட்டினார். வாசலிலிருந்து வந்த வெயில் அதில் பட்டு மெத்தென்று திரும்பியது. தையல்காரருக்குத் துணியும் வெளிச்சமும் தெரியாதா என்ன.

மூன்றாம் டேக். இந்தத் தடவை இன்னும் குட்டையான வெட்டுதான் மீதம் இருந்தது, பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியார் வைத்திருப்பாரே, அந்த மாதிரி. நிமிஷம் அதையும் கலையாகச் செய்தார். ஏழு நிமிஷம், எட்டு நிமிஷம். திரையில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக விழுவது தெரிந்தது. மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஒன்பதாவது நிமிஷத்தில் ஃபோன் பாட்டுப் பாடியது. வீடியோ நின்றது. திரையில் மைத்துனர் படம்.

மனைவி எடுத்தார்.

"எப்படிக்கா வருது வீடியோ?"

"இப்ப வரைக்கும் நல்லா வந்துச்சு" என்றார் அக்கா. அதற்குப் பிறகு அவர் தம்பியிடம் சொன்னவற்றை இங்கே எழுத வேண்டியதில்லை. யாரும் கூப்பிட முடியாதபடி ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போட வேண்டும் என்ற விஷயம் மட்டும் அந்தப் பேச்சிலிருந்து தேறியது.

நிமிஷம் நாற்காலிக்குப் பின்னால் நின்று தலையைப் பார்த்தார். ஒன்றரை மணிக்கு அலையடித்த தலை. இப்போது விரலால் பிடித்தால் நழுவுகிற அளவுக்குத்தான் இருந்தது. ஒவ்வொரு டேக்கிலும் இடது பக்கம்தான் கேமரா பக்கம் இருந்ததால் இடது பக்கம் வலதைவிட ஒரு படி கீழே இறங்கியிருந்தது. கண்ணாடி மூடியிருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டார். உட்கார்ந்திருந்தவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சொல்லப்போனால் லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது. நம்பி உட்கார்ந்திருக்கிறார் பாவம்.

"இன்னும் ஒரே ஒரு தடவை" என்றார் நிமிஷம்.

அவர் தலையை ஆட்டப் போய், ஆட்டக் கூடாது என்பது நினைவு வந்து, கண்ணை மட்டும் மூடித் திறந்தார்.

நாலாம் டேக்குக்கு மெஷின். சீப்பு குறுக்கே வரும்போதெல்லாம் ஃபோகஸ் அலைபாய்கிறது என்று மனைவி கவனித்திருந்தார். திரையில் ஓரிடத்தை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் அங்கேயே பூட்டிக்கொள்ளும் என்று தம்பி சொல்லியிருந்ததால் அழுத்திப் பிடித்தார். வெளிச்சம் சரி, இடம் சரி, ஃபோன் அடிக்கவில்லை. பத்து நிமிஷம் முழுசாக ஓடி முடிந்தது. இருவரும் ஃபோன்மேல் கவிழ்ந்தார்கள்.

மனைவியின் விரல் அழுத்தியது தலைக்குப் பின்னால் அலமாரியில் இருந்த தண்ணீர் ஸ்ப்ரே பாட்டிலுக்குப் பக்கத்து லோஷன் பாட்டில்மேல். பத்து நிமிஷமும் அந்தப் பாட்டில் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. லேபிளில் உள்ள காலாவதித் தேதியைக்கூடப் படிக்க முடிந்தது. அது போன வருஷமே முடிந்திருந்தது. முன்னால் தலை மட்டும் பஞ்சு உருண்டை மாதிரி மிதந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அணைந்துபோனது. தொட்டால் தோசைக்கல். சூடு ஆறும் வரை எழுந்திருக்க மாட்டேன் என்று அடம். ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று பட்டன் ஃபோனில் கேட்டதற்கு, வைத்தால் லென்ஸுக்குள் நீராவி பிடித்துக்கொள்ளும், அப்புறம் ஆயுசுக்கும் புகைதான் என்று மைத்துனர் பதறினார். கவரைக் கழற்றி, டேபிள் ஃபேன் முன்னால் நூலில் கட்டித் தொங்கவிட்டார் மனைவி. ஃபோன் ஊஞ்சலாடியது. மணி நாலு.

நிமிஷம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். போட்டி போனது போகட்டும். அந்தத் தலைக்கு என்ன பதில் சொல்வது? இடது பக்கம் ஒரு அளவு, வலது பக்கம் இன்னொரு அளவு, உச்சியில் மெஷின் தடுக்கிய இடத்தில் ஒரு தீவு. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு தலையை அவர் வெளியே அனுப்பியதில்லை. இதைச் சமன் செய்ய உலகத்தில் ஒரே ஒரு வழிதான் உண்டு. அதைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

மனைவிதான் சொன்னார். "ஃபோனை மறந்துடுங்க. கத்தியை எடுங்க. அவரை ஒழுங்கா அனுப்புங்க."

நிமிஷம் எழுந்து புது பிளேடு போட்டார். அந்த மனிதரிடம் குனிந்து, அண்ணே, மன்னிச்சுக்கங்க, இதை விட்டா வேற வழியில்ல என்றார். அவர் மறுபடியும் கண்ணை மூடித் திறந்தார். வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளித்து, நுரை பூசி, உச்சியில் கத்தியை வைத்தார் நிமிஷம்.

அதற்குப் பிறகு அவருக்குப் போட்டி ஞாபகமில்லை, மேடை ஞாபகமில்லை. கை மட்டும் இருந்தது. கத்தி வளைவுகளில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. காது மடலை விரலால் மடித்து, பின்பக்கத்தை ஒரே இழுப்பில் எடுத்தார். ஒரு கீறல் இல்லை, ஒரு பொட்டு ரத்தம் இல்லை. வாசல் வெயில் சாய்ந்து படுக்கை விரிப்பில் பட்டு, தலைமேல் தேன் மாதிரி இறங்கியது.

துண்டால் ஒற்றி முடித்துத் திரும்பினார். மனைவி ஜாடிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஃபோன் ஆறியதும் சத்தமில்லாமல் திரும்ப வைத்து, தலைமேலேயே ஃபோகஸைப் பூட்டி, எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"பதினோரு நிமிஷம்" என்றார்.

போட்டுப் பார்த்தார்கள். நுரையின் குமிழ்கள் ஒவ்வொன்றாக உடைவது தெரிந்தது. கத்தி போன பாதையில் தோல் பளபளப்பது தெரிந்தது. ஏழு வயசு ஃபோன் எடுத்த படம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். மணி நாலே முக்கால்.

அனுப்புங்க என்றார் மனைவி. ஏரோப்ளேன் மோடை எடுத்துவிட்டு அனுப்பினார்கள். நீலக் கோடு நகர ஆரம்பித்தது. பாதியில் நின்றது. நிமிஷம் ஃபோனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார், நடுத்தெருவில் நின்று கையை உயர்த்தினார், பிறகு எதிர்க்கடைப் படியில் ஏறி நின்றார். கோடு மறுபடி நகர்ந்தது. நாலு ஐம்பத்தெட்டுக்குப் பதில் வந்தது. 'உங்கள் வீடியோ கிடைத்தது. படத் தரம் மிக நன்று. முதல் சுற்றுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது.'

நிமிஷம் தெருவில் நின்றபடியே அதை மூன்று தடவை உரக்கப் படித்தார். மனைவி வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் தரையில் கால் பாவவில்லை.

அப்போது கடைக்குள் பட்டன் ஃபோன் அடித்தது, நிமிஷம் ஓடிவந்து எடுத்தார். மைத்துனர்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. நான் சொன்ன ஆளு ஊருக்குக் கிளம்பிட்டாராம். இப்பத்தான் சொல்றாரு. வேற யாரையாவது வெச்சு எடுத்தீங்களா?"

நிமிஷம் மெதுவாகத் திரும்பினார். நாற்காலியில் கழுத்துத் துணியோடு, திரை போட்ட கண்ணாடியைப் பார்த்தபடி, பொறுமையே உருவாக ஒரு தலை பளபளத்துக்கொண்டிருந்தது. மாடல் இல்லை. என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. வழியோடு போன யாரோ ஒருவர். கையைப் பிடித்து இழுத்து உட்கார்த்தி, வாயைத் திறக்காதே என்று சொல்லி, இருந்ததையெல்லாம் வழித்தாயிற்று. போலீஸ், பஞ்சாயத்து, பக்கத்துத் தெரு சலூன்காரனின் சிரிப்பு எல்லாம் அவர் கண்முன் வரிசையாக வந்து நின்றன.

மனைவிக்கும் விஷயம் புரிந்துவிட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திரையை எடுக்கத் தைரியம் வரவில்லை. எடுக்காமல் இருக்கவும் முடியாது. நிமிஷம் கடைசியில் திரையின் நுனியைப் பிடித்தார், கண்ணை இறுக மூடிக்கொண்டார், இழுத்தார்.

அதே விநாடி வாசலில் செருப்புச் சத்தம். நடுத்தர வயசுப் பெண் ஒருவர், வேகமாக நடந்து வந்த மூச்சிரைப்போடு உள்ளே நுழைந்தார். நேராக நாற்காலிக்குப் போனார். அந்தத் தலையை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையால் உச்சியை ஒருமுறை தடவினார். நிமிஷம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

அந்த அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கணவரைக் கேட்டார்:

"அரை மணி நேரத்துல மொட்டை அடிச்சிட்டு வந்துடறேன்னு சொல்லிட்டுப் போன ஆளு, ஒரு மொட்டைக்கா அஞ்சு மணி வரைக்கும் உக்காந்திருக்கீங்க?"